பன்னிரண்டாவது நாற்காலி

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று சாமியார் கையால் கால் கழுவிக்கொள்ள வருகிறவர்கள், வீட்டிலேயே காலைக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். சோப்பு போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, சிலர் பவுடர்கூடப் பூசிக்கொண்டு வருவார்கள். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து வருஷா வருஷம் செய்கிற சடங்கு அது. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கும். அதில் உட்காருகிற பன்னிரண்டு பேரும் கோயில் தெருக்காரர்கள். அப்பன் உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்காருவான், மகன் வெளிநாடு போய்விட்டால் மருமகன் உட்காருவான்.

மற்ற ஊர்களில் செம்பிலிருந்து ஆளுக்கு ஆள் புதுத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். எங்கள் கோயிலில் அப்படி இல்லை. ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஒரே ஒரு முறைதான் தண்ணீர் ஊற்றுவார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாக அதே தண்ணீரில் காலை வைக்க வேண்டும். கோயிலைக் கட்டிய சாமியார் ஏற்படுத்திய வழக்கமாம். ஆண்டவர் முன்னால் ஆளுக்கொரு தண்ணீர் கிடையாது, எல்லோருக்கும் ஒரே தண்ணீர்தான் என்று காட்டுவதற்காகச் செய்தாராம். நல்ல மனுஷன். அவர் கண்ணை மூடியதும் இவர்கள் அந்தத் தண்ணீரைச் சுற்றி வேலி போட்டுக்கொண்டார்கள். ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் காலனியில் இருக்கிற நாங்கள் பின்னால் பாயில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம்.

அந்தத் தொட்டி எங்கே செய்தது தெரியுமா? நானும் என் புருஷனும் வேலை பார்க்கிற பீங்கான் யூனிட்டில் செய்தது. அச்சில் மண் கூழை ஊற்றி வார்த்தது அவர். சூளையில் அடுக்கியதும் அவர். அதன் விளிம்பில் ‘உபயம்’ என்று போட்டு முதலாளி பெயரை நீல வண்ணத்தில் எழுதியது நான். முதலாளி கோயில் தெருக்காரர், பங்குப் பேரவையில் பெரிய ஆள். எங்கள் கையெல்லாம் அந்தத் தொட்டியில் பட்டிருக்கிறது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூளையில் வெந்ததும் தீட்டுப் போய்விடும் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் தீரட்டும். யூனிட்டில் எனக்குப் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற வேலை. வருஷம் முழுக்கப் பிள்ளையார், யானை, குருவி. கார்த்திகை பிறந்தால் குடில் பொம்மைகள் வந்துவிடும். குழந்தை இயேசுவின் கால் விரல் ஒவ்வொன்றுக்கும் நான்தான் ரோஸ் நிறம் வைப்பேன். பிரஷ் பிசிறினால் என் நாக்கில் வைத்துத்தான் கூராக்குவேன். கிறிஸ்துமஸ் பூசை முடிந்ததும் கோயில் தெருப் பெண்கள் பட்டுச் சேலை சரசரக்க வரிசையில் வந்து அந்தப் பாதத்தைத்தான் முத்தம் செய்கிறார்கள். செய்யட்டும், செய்யட்டும் என்று நான் பின்னால் நின்று சிரித்துக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதுச் சாமியார் மாற்றலாகி வந்தார். சின்ன வயசு. திட்டக்குடிப் பக்கம் ஏதோ ஒரு சின்னப் பங்கில் இருந்துவிட்டு வந்தவர். தவக்காலம் பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்தார். இந்த வருஷம் கால் கழுவும் சடங்குக்கு தெருவாரி ஜெபக் குழுவான அன்பியத்துக்கு ஒருவர் வர வேண்டும், காலனி அன்பியமும் ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும் என்றார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போனது. முன் பெஞ்சில் ஒருத்தரும் அசையவில்லை, கழுத்து மட்டும் விறைத்துக்கொண்டது.

காலனியில் கூடிப் பேசி என் புருஷன் பேரைச் சொன்னார்கள். ஏன் அவர் என்று கேட்டால், அவரோடு சண்டை போட்டவர் எங்கள் காலனியில் ஒருத்தரும் கிடையாது. வாய் இருக்கிறதா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கோயிலுக்குப் பந்தல் போட, குருத்தோலை வெட்ட, சாவு விழுந்தால் குழி வெட்ட, எதற்குக் கூப்பிட்டாலும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் வீட்டில் பேசுகிற வேலை முழுக்க என் தலையில்தான்.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவே இல்லை. சந்தோஷம். அவருடைய அப்பாவும் ஒரு காலத்தில் அந்த நாற்காலியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்களாம். அந்த அடுத்த வருஷம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து என் புருஷன் வேலை முடிந்து வந்ததும் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்து, கல்லால் குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தார். சூளைச் சூட்டில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த கால். தேங்காய் எண்ணெய் வைத்தார். மண் வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, என்ன தேய்த்தாலும் போகவில்லை.

“தோலு உரிஞ்சிடப் போவுதுய்யா” என்றேன்.

“சாமி முத்தம் குடுப்பாரு இல்ல. அவருக்குக் குத்தக் கூடாது பாரு” என்றார்.

குருத்து ஞாயிறு முடிந்த மறுநாள், முதலாளி யூனிட்டில் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் அப்படி வந்து நிற்கிற ஆள் இல்லை. ஒரு குருவிப் பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏம்மா, உன் வூட்டுக்காரரு பேரைக் குடுத்திருக்காங்க போல. சந்தோஷம். எங்களுக்கு ஒண்ணும் இல்ல” என்றார்.

அவருக்கு ஒன்றும் இல்லையாம். நான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

“கடைசி நாற்காலியில மட்டும் உக்காரச் சொல்லு. ஒரே தண்ணி பாரு. சூளையில வேலை பாக்குற காலு. மொதல்லியோ நடுவுலியோ வச்சா தண்ணி கலங்கிடும். பின்னால இருக்கிறவங்க எப்பிடி வைப்பாங்க?”

“கலங்கினாக் கழுவிட்டுப் போவட்டும் மொதலாளி. கால் கழுவத்தான தண்ணி?”

“உன்கிட்ட யோசனை கேக்கலம்மா. சாமிகிட்டப் பேசியாச்சு. அவரும் சரின்னுட்டாரு” என்று பொம்மையை வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த குருவிக்கு மூக்கு கோணலாக விழுந்தது. இத்தனை வருஷம் அவர் யூனிட்டில் உட்கார்ந்து அவர் தருகிற கூலியில் சாப்பிட்டவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிஷம் அந்த மனுஷனை நான் வெறுத்தேன். தண்ணீர் கலங்கிவிடுமாம். சூளைக் கால் என்று பேச்சுக்குச் சொல்கிறார். சூளைப் பக்கமே போகாத வாத்தியார் ஒருத்தர் எங்கள் காலனியில் இருக்கிறார், வெள்ளை வேட்டியும் ஷூவுமாகப் போவார். அவர் பேரைக் கொடுத்திருந்தாலும் தண்ணீர் கலங்கித்தான் இருக்கும். இது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

சாயங்காலம் நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். காலிங் பெல்லை அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. அவர் வாயில் பிஸ்கட்டோடு வந்து கதவைத் திறந்தார்.

“என்னம்மா, யாருக்கு என்னாச்சு?”

“உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு சாமி. வரிசை போட்டுக் குடுத்தாங்களாம், நீங்க தலையாட்டுனீங்களாம்?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. “ஈஸ்டர் நேரத்துல கோயிலைப் பூட்டிடுவோம்ன்றாங்கம்மா. நான் என்ன செய்ய? இந்த வருஷம் உள்ள வரட்டும். அடுத்த வருஷம் வரிசைய மாத்திக்கலாம்” என்றார்.

அடுத்த வருஷம்! என் மாமனாருக்குச் சொன்ன அதே அடுத்த வருஷம். எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்தது போலாகிவிட்டது.

“ஏன் சாமி, ஆண்டவரு வரிசை பாத்தா கழுவுனாரு? அவரைக் காட்டிக்குடுக்கப் போறவன் காலையும் சேத்துத்தான கழுவுனாரு? அவன் எத்தனாவதா உக்காந்திருந்தான்னு சொல்லுங்க பாக்கலாம். எங்கியாச்சும் எழுதி இருக்குதா? அவருக்கே அந்த வரிசை தேவைப்படல, உங்களுக்குத் தேவைப்படுதா?”

நான் விடவில்லை. “ஞானஸ்நானம் குடுக்குறப்ப எம் புள்ளைக்கு ஒரு தண்ணி, மொதலாளி புள்ளைக்கு ஒரு தண்ணியா வச்சீங்க? தலைக்கு ஊத்துறப்ப கலங்காத தண்ணி காலுக்கு ஊத்துறப்ப மட்டும் கலங்கிடுமா?”

“நீ சொல்றது எல்லாமே சரிம்மா” என்றார். சரி என்று சொல்கிறவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது? அழுகையும் ஆத்திரமுமாக வந்துவிட்டேன். திட்டியிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால் இந்த மனுஷன் குதிகாலுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கிறார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் மத்தியானமே வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“நீ என்னய்யா சொன்ன?”

“சரின்னேன்.”

“சரின்னியா? மானம் ரோஷம் ஏதாச்சும் இருக்குதா உனக்கு? அவனுங்க கழுவிப் போட்ட அழுக்குத் தண்ணியில போயி காலை வைக்கப் போறியா? அதுக்குப் பேசாம வூட்லயே உக்காந்துக்கய்யா. நான் கழுவி வுடறேன்.”

“கடைசியா இருந்தா என்னடி? உள்ள உக்காரப் போறேன் இல்ல” என்றார்.

அதற்கு மேல் அவரோடு பேசவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பாத்திரத்திடம் பேசினேன். எங்கள் ஜனத்தில் எத்தனையோ பேர் வெறுத்துப்போய் வேறு ஜெபக் கூட்டங்களுக்குப் போய்விட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? கோயில் என்ன இவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா? ஆண்டவர் என்னைப் பார்க்கிறபோது தெருவைக் கேட்டுவிட்டுப் பார்க்கிறதில்லை என்று சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை நம்பிவிட்டேன். சொல்லிக்கொடுத்தவர்கள் நம்பவில்லை என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பெரிய வியாழன் வந்தது. ஒருசந்தி இருந்ததால் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, கோபம் வேறு. என் புருஷன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பன்னிரண்டாவது நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பதினோராவது ஆள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். சத்தம் வராமல் தூக்கித்தான் வைத்தார், ஆனாலும் நான் பார்த்துவிட்டேன். நடுவில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விழுந்தது.

சாமியார் பிரசங்கம் வைத்தார். கடவுள் பார்வையில் பெரியவர் சிறியவர் இல்லை, எல்லோரும் விலைமதிப்பில்லாதவர்கள் என்றார். குரல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. முன் பெஞ்சுக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கு எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு சாமியார் மேலங்கியைக் கழற்றி, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதல் நாற்காலிக்கு முன்னால் முட்டி போட்டார். முதல் நாற்காலியில் முதலாளி. தொட்டியில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அவர் கால் உள்ளே போனது, பவுடர் கரைந்தது. துடைத்து முத்தம் கொடுத்தார் சாமியார். அடுத்து இரண்டாவது, மூன்றாவது. பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். உபதேசியார் தொட்டியை ஒவ்வொரு நாற்காலிக்காக நகர்த்த நகர்த்தத் தண்ணீர் வெளுத்து, அரிசி களைந்த தண்ணீராகிவிட்டது. சோப்பு நுரைகூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே அவ்வளவு தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தும் அவ்வளவு அழுக்கு.

பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்து சாமியார் முட்டி போட்டுக் கையை நீட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பார்க்கச் சகிக்கவில்லை.

பாட்டு நின்றது. கண்ணைத் திறந்தால், என் புருஷன் இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாமியார் நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது.

“தண்ணி கலங்கிப்போச்சுங்க சாமி” என்றார். “மாத்திக் கொண்டாங்க.”

சத்தமாகச் சொல்லவில்லை. சாமியார் அங்கிக் கழுத்தில் மாட்டியிருந்த மைக்தான் அதை எடுத்துக் கோயில் முழுக்கப் போட்டுவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக இந்த மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறேன், சாம்பாரில் உப்பில்லை என்றுகூட என்னிடம் சொன்னதில்லை.

சாமியார் மெதுவாகச் சொன்னார். “எல்லாருக்கும் ஒரே தண்ணிதானப்பா இதோட அர்த்தமே.”

“அது எனக்குத் தெரியுங்க சாமி. அதுக்கு அர்த்தம் இருந்துச்சுன்னா என்னை மொதல்ல வச்சிருக்கலாமே” என்றார் அவர்.

முதலாளி பாதி எழுந்துவிட்டார். சாமியார் அப்படியே முட்டி போட்டபடி தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டியைக் கையில் தூக்கினார். வாங்கிக்கொள்ள வந்த உபதேசியாரைத் தலையாட்டி விலக்கிவிட்டு, ஈரம் அங்கியில் வழிய, நடுப் பாதையிலேயே நடந்து வெளியே போனார். வாசல் குரோட்டன்ஸ் செடியில் தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து தொட்டியை அலம்புகிற சத்தம், தண்ணீர் பிடிக்கிற சத்தம். குழாயில் தண்ணீர் சன்னமாகத்தான் வரும். அதுவரைக்கும் பதினோரு பேரும் சுத்தமான காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் புருஷனுக்காகக் கோயில் தெரு மொத்தமும் காத்திருந்தது.

புதுத் தண்ணீர் வந்தது. அவர் காலை வைத்தார். சாமியார் அந்த வெடிப்பு ஒவ்வொன்றையும் விரலால் தடவித் தடவிக் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தம் கொடுத்தார். எழுந்தபோது சாமியார் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் அழவில்லை. பாயில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து, சீடர்களாக உட்கார்ந்தவர்களுக்குக் கொடுக்கிற மந்திரித்த ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். தன் ரொட்டியை வாங்காமலே வந்துவிட்ட முதலாளி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் கோயில் தெரு ஆண்கள் நாலைந்து பேர். இனி யூனிட்டில் எங்களுக்கு வேலை இருக்குமா என்று நான் அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

“ஏன்டா” என்றார் முதலாளி. ஐம்பது வயசைத் தாண்டிய என் புருஷனைப் பார்த்து. “எங்க காலு பட்ட தண்ணி உனக்கு ஆவாதா? அவ்ளோ கேவலமாப் போயிட்டமா நாங்க? ஊரே பாக்க அசிங்கப்படுத்திட்டியேடா.” சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே உடைந்தது. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது! எங்கள் அப்பன், பாட்டன், முப்பாட்டன் அத்தனை பேரும் தொண்டையில் வைத்து முழுங்கிய கேள்வியை, வார்த்தை மாறாமல் இந்த ஆள் வாயால் கேட்டுவிட்டேன். நல்லா வேணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் புருஷன் பேசிவிட்டார்.

“வலிக்குதுங்களா மொதலாளி?” என்று கேட்டார்.

கிண்டல் இல்லை. கை சுட்டுக்கொண்ட ஆளிடம் கேட்பது போல அத்தனை அக்கறையாகக் கேட்டார். முதலாளி அவர் முகத்தையே பார்த்தார். என் புருஷன் கையிலிருந்த ரொட்டியைப் பிட்டு ஒரு துண்டை அவருக்கு நீட்டினார். “எடுத்துக்குங்க. நீங்களும் ஒருசந்தி இருப்பீங்க.”

முதலாளி கை கொஞ்சம் எழுந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன், எழுந்தது, நான் பார்த்தேன். பின்னால் நின்ற ஆட்களில் ஒருவர் இருமினார். எழுந்த கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. என் புருஷன் நீட்டிய கையை எடுக்கவில்லை. ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர் நீட்டிக்கொண்டே நின்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. அந்தத் துண்டைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். காலையிலிருந்து பட்டினி கிடந்த வாய்க்கு அது தித்தித்தது.

ரயில் போகட்டும் என்று ரயில்வே கேட்டில் நிற்கும்போது அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.

“ஏன்டி அவசரப்பட்ட? இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியிருந்தா வாங்கியிருப்பாரு.”

வாயில் இருந்ததை முழுங்கிவிட்டுக் கேட்டேன்.

“இன்னும் எவ்ளோ நேரம்யா நீட்டுறது?”